நிலமும் உக்கிராணத்துவமும்: சர் கேச்சிக் பால் சேட்டரின் வாழ்வும் கொடையும்

திருச்சபை வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் அருட்பணியாளரும், பேராயரும், இரத்தசாட்சிகளும், இறையியல் அறிஞருமே ஆவர். ஆலயம் எழுப்ப நிலமும் பணமும் கொடுத்த இல்லறத்தாரின் பெயர்கள் சுவரிற் பதித்த கற்பலகையோடு நின்றுவிடுகின்றன. அப்பணம் அவர்களுக்கு எவ்வழியாக வந்தது, எந்நோக்கத்துடன் அதனைக் கொடுத்தனர், பெற்றுக்கொண்ட சபை எதனைக் கேட்டது, எதனைக் கேளாமல் விட்டது என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். ஆனால், இவ்வினாக்கள் இறையியல் சார்ந்தவை. பணத்தைப் பற்றி ஆண்டவர் பேசிய அளவுக்கு நம் வரலாற்று நூல்கள் பேசவில்லை என்பது ஒரு குறையே.

இக்குறையை மனத்திற்கொண்டு, நிலவணிகத்தால் பெருஞ்செல்வராகி, கொடையாளராகவும் விளங்கிய ஒருவருடைய வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் கல்கத்தாவிற் பிறந்து ஹாங்காங்கில் வாழ்ந்து மறைந்த ஆர்மீனியக் கிறிஸ்தவரான சர் கேச்சிக் பால் சேட்டர். அவரைப் புனிதராகப் போற்றுவதோ, செல்வர் என்பதற்காகவே பழிப்பதோ இங்கு நோக்கமன்று. நிலம், இலாபம், கொடை, திருச்சபை ஆகிய நான்கும் ஒருவர் வாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்று கண்டு, அதனின்று நாம் கற்கவேண்டியதைக் கற்பதே நோக்கம்.

1. ஆர்மீனியர் மரபு

சேட்டர் 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தார். ஆர்மீனியர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை நாட்டின் சமயமாக ஏற்றவர்கள். 451இல் கூடிய கல்சிதோன் சங்கத்தின் தீர்மானத்தை ஏற்காது தனித்து நின்ற கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் ஜுல்பா நகரத்து ஆர்மீனியரை வேரோடு பெயர்த்து, இஸ்பஹான் நகருக்கு அருகே குடியேற்றினான். அங்கிருந்து அவர்கள் வணிகராகச் சூரத்து, சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களுக்குப் பரவினர். சென்ற இடமெல்லாம் ஆலயம் எழுப்பினர். கல்கத்தாவில் 1724இல் கட்டப்பட்ட தூய நாசரேத்து ஆர்மீனிய ஆலயம் அந்நகரின் மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயமாகும்.

இம்மரபு நமக்கு அந்நியமன்று. சென்னையில் வாழ்ந்து 1751இல் மறைந்த கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர், அடையாற்றின் குறுக்கே பாலமும், பரங்கிமலையிற் பயணிகள் ஏறுவதற்குப் படிகளும் தம் செலவில் அமைத்தார். வேப்பேரியில் அவர் ஆதரவில் எழுந்த சிற்றாலயம் 1752இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் பப்ரிசியஸ் ஐயர் முதலிய சீர்திருத்தச் சபை அருட்பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்கும் தூய மத்தியாஸ் ஆலய வளாகத்திலேயே உஸ்கானின் கல்லறையும் உள்ளது. ஒரு சபையார் கொடுத்ததை மற்றொரு சபையார் அனுபவிக்கின்றனர். கொடுத்தவர் பெயரை வழிபடுவோரிற் பலர் அறியார். கொடையின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

சேட்டர் குடும்பத்தின் பழைய பெயர் அஸ்துவாசாதூர். ஆர்மீனிய மொழியில் அதற்கு 'இறைவன் கொடுத்தது' என்று பொருள். கேச்சிக் என்னும் இயற்பெயரோ சிலுவையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்பக் குடும்பப்பெயர் சுருங்கிச் சேட்டர் ஆயிற்று.

பதின்மூன்று பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்திற் பிறந்த இவர், ஏழு வயதளவிலேயே பெற்றோரை இழந்தார். உதவிபெறும் மாணவராகக் கல்கத்தா லா மார்ட்டினியர் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியும் ஒரு செல்வருடைய உயிலால் உண்டானதே. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து இலக்னோவிற் பெரும்பொருள் ஈட்டிய கிளாட் மார்ட்டின் 1800இல் இறந்தபோது விட்டுச்சென்ற பணத்திலிருந்து, 1836இல் அப்பள்ளி திறக்கப்பட்டது. முன்பின் அறியாத ஒருவர் விட்டுச்சென்ற பொருளால் உண்டு, உடுத்து, கற்று வளர்ந்த அநாதைப் பிள்ளை சேட்டர். அவருடைய பிற்காலக் கொடைகளை விளங்கிக்கொள்ள இது முதன்மையான செய்தி.

2. குத்தகை நிலமும் வணிகரும்

1864இல், தம் 18ஆம் வயதளவில், சேட்டர் ஹாங்காங் சென்று, தம் தமக்கையின் குடும்பத்தாருடன் தங்கினார். ஹிந்துஸ்தான்-சீனா-ஜப்பான் வங்கி என்னும் நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். சில ஆண்டுகளில் அவ்வேலையை விட்டு, சசூன் குடும்பத்தாரின் உதவியுடன் நாணயமாற்றுத் தரகராகவும், தங்கம் வெள்ளி வணிகராகவும் தொழில் தொடங்கினார். 1868இல் பம்பாயிலிருந்து வந்திருந்த பார்சி வணிகர் ஹோர்முஸ்ஜி நவரோஜி மோடியுடன் கூட்டுச் சேர்ந்தார். இவ்விருவரும் படிப்படியாக நிலத்தின்மேல் கருத்தைச் செலுத்தினர்.

அக்காலத்து ஹாங்காங்கின் நிலமுறையை இங்கு விளக்குவது தேவை. 1841இல் பிரித்தானியர் அத்தீவைக் கைப்பற்றியபின், நிலம் அனைத்தும் முடியரசின் உடைமை எனக் கொள்ளப்பட்டது. எவரும் நிலத்தை முற்றுரிமையாக வாங்க இயலாது. 75 ஆண்டு, 99 ஆண்டு, 999 ஆண்டு எனக் குத்தகை உரிமையே ஏலம் விடப்பட்டது. வாங்குவோர் ஏலத்தொகையைக் கட்டியபின் ஆண்டுதோறும் முடியரசுக்கு வாடகையும் செலுத்தவேண்டும். இதற்கு ஒரேயொரு விலக்கு இருந்தது. 1849இல் வழிபாடு தொடங்கிய தூய யோவான் பேராலயத்தின் நிலம் மட்டும், ஆலயமாகப் பயன்படும்வரை என்னும் நிபந்தனையுடன், முற்றுரிமையாகத் திருச்சபைக்கு அளிக்கப்பட்டது. மற்ற அனைவரும், எத்துணைச் செல்வராயினும், குத்தகைக்காரரே.

மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய கரையில் துறைமுகம் வளர்ந்தது, மக்கள் தொகை பெருகியது, நிலமோ பெருகவில்லை. இந்நிலையில் எந்நிலம் நாளை தேவைப்படும் என்பதை இன்றே கணிப்பவருக்கே ஆதாயம். சேட்டர் அக்கணிப்பில் வல்லவர். 1860இல் பிரித்தானியர் வசமான கவுலூன் தீபகற்பத்தின் முனையில், பிறர் பொருட்படுத்தாதிருந்த காலத்தில் நிலங்களைக் கைப்பற்றினார். 1886இல் அங்கே கப்பற்றுறையும் பண்டசாலைகளும் நடத்தும் நிறுவனம் தோன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1889ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஜார்டின் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜான்ஸ்டன் கெசிக் என்பவருடன் சேர்ந்து, ஹாங்காங் நில முதலீட்டு நிறுவனத்தை அவர் நிறுவினார். நகரின் நடுப்பகுதியில் நிலம் பெற்று, பெருங்கட்டடங்கள் எழுப்பி, விற்காமல் வாடகைக்கு விடுவது அந்நிறுவனத்தின் வழக்கமாயிற்று. அந்நிறுவனம் இன்றும் அந்நகரின் மையத்தில் நிலைத்திருக்கிறது. அதே 1889இல் மின்விளக்கு நிறுவனம் ஒன்று அமைவதற்கும் அவர் துணைநின்றார். 1890 டிசம்பரில் நகரில் மின்சாரம் வழங்கப்பட்டது.

3. கடலை நிலமாக்குதல்

சேட்டரின் பெயர் நிலைக்கக் காரணமான பணி, கடற்கரையைத் தூர்த்து நிலமாக்கிய பெருந்திட்டமாகும். கரையைச் சீராக்க ஆளுநர் பௌரிங் 1850களில் முயன்றபோது, கரையோர மனைகளை வைத்திருந்த வணிகர் எதிர்த்து, 1859இல் அம்முயற்சியைச் சட்டசபையில் முறியடித்தனர். தம் மனைக்கு முன்னுள்ள கடல்முகம் தமக்கே உரியது என்பது அவர்கள் வாதம். அவர்களை அதிகாரத்தால் பணியவைக்க இயலாது என்பது தெளிவாயிற்று.

1887இல் அரசிடம் சேட்டர் முன்வைத்த திட்டம் இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. கரையோர மனைக்குரியோர், தத்தம் மனைக்கு நேரே கடலைத் தூர்க்கும் செலவை ஏற்கவேண்டும்; அவ்வாறு உண்டாகும் புதுநிலத்தின் குத்தகை உரிமை அவர்களுக்கே கிடைக்கும்; அரசுக்குப் புதிய சாலையும், கூடுதல் வாடகையும் கிட்டும். எதிர்த்தோரையே பங்காளிகளாக்கிய திட்டம் இது. சேட்டர் தாமே இரவு வேளைகளிற் சிறு படகிற் சென்று கடலடியின் ஆழத்தை அளந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது.

1890இல் கன்னாட்டுக் கோமகன் அடிக்கல் நாட்ட, பணி வளர்ந்து 1904ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. ஏறத்தாழ 2 மைல் நீளமும், 250 அடி அகலமும் கொண்ட புதிய கரை உருவாயிற்று. ஏறக்குறைய 60 ஏக்கர் நிலம் கடலினின்று மீட்கப்பட்டது. அந்நிலத்தின் நடுவே, கட்டடம் எழுப்பினால் மிகுந்த வாடகை தரக்கூடிய இடத்தில், ஒரு திறந்த சதுக்கம் அமைந்தது. அதன் எண்ணமும் சேட்டருடையதே. நெருக்கடி மிகுந்த அந்நகரில் இன்றும் மக்கள் கூடி அமரும் இடம் அது. இதற்குப்பின் நகரின் கிழக்குப் பகுதியிலும் கடலைத் தூர்க்கும் திட்டத்தை அவர் வற்புறுத்தினார். 1921இல் தொடங்கிய அப்பணி அவர் மறைந்த பின்னரே முடிவுற்றது.

இவ்வாறு உயர்ந்தவரை அரசும் அழைத்துக்கொண்டது. 1887இல் சட்டசபை உறுப்பினரானார். 1896இல் நிர்வாக சபைக்கு முதன்முறையாக அரசு அலுவலர் அல்லாத இருவர் நியமிக்கப்பட்டபோது அவர்களில் ஒருவராக அமர்த்தப்பட்டார். 1902இல் 'சர்' பட்டம் பெற்றார். ஆங்கிலேயரல்லாத, ஆசியாவிற் பிறந்த அநாதைச் சிறுவன் ஒருவன் குடியேற்ற அரசின் உள்ளறைக்குள் நுழைந்தது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி.

4. கொடைகள்

சேட்டர் ஆர்மீனியத் திருச்சபையின் பிள்ளை. ஆயினும் ஹாங்காங்கில் ஆர்மீனியர் மிகச் சிலரே. அவர்களுக்கென ஆலயம் இல்லை. கவுலூன் பகுதியில் ஆங்கிலிக்கன் சபையாருக்கு ஆலயம் தேவைப்பட்டபோது, அதனைக் கட்டும் செலவைச் சேட்டர் ஏற்றார். 1904இல் அடிக்கல் நாட்டப்பட்ட தூய அந்திரேயா ஆலயம் 1906இல் திறக்கப்பட்டது. கல்சிதோன் சங்கத்தை ஏற்காத சபையின் உறுப்பினர் ஒருவர், அதனை ஏற்ற சபைக்கு ஆலயம் கட்டித்தந்தார். ஏட்டளவில் 15 நூற்றாண்டுகளாக நீடித்த பிளவு, அச்சிறு துறைமுகத்தில் ஒருவருடைய கொடைக்குத் தடையாக நிற்கவில்லை. சபை ஒருமைப்பாட்டின் வரலாற்றை மாநாட்டு அறிக்கைகளில் மட்டும் தேடுவோர் இதனையும் கருதவேண்டும்.

அதே 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கைக் கடும்புயல் தாக்கியது. இறையியல் மாணவர்களுடன் படகில் நற்செய்திப் பயணம் சென்றிருந்த பேராயர் ஜோசப் ஹோர் அப்புயலில் மூழ்கி உயிர்நீத்தார். ஒருவர் தம் செல்வத்தால் ஆலயம் கொடுத்த அதே ஆண்டில், இன்னொருவர் ஊழியத்தில் தம்மையே கொடுத்தார். திருச்சபை இவ்விரு கொடைகளையும் பெற்றே வளர்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நம் வேலையன்று.

கல்விக்கும் அவர் ஈந்தார். 1911இல் சட்டப்படி அமைந்து, 1912இல் வகுப்புகளைத் தொடங்கிய ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கட்டடத்திற்கு அவருடைய பழைய கூட்டாளி மோடி பெரும்பொருள் வழங்கினார். சேட்டரும் அதற்கு நன்கொடையளித்தோரில் ஒருவர்.

எல்லாவற்றினும் மேலாக, தம்மை வளர்த்த லா மார்ட்டினியர் பள்ளியை அவர் மறக்கவில்லை. அப்பள்ளி கடும் பண நெருக்கடியிற் சிக்கியிருந்த காலத்தில், சேட்டர் அளித்த 11 இலட்சம் ரூபாய் அதனைக் காத்தது. அன்றுமுதல் அப்பள்ளியின் வேண்டுதலில் அவர் பெயரும் நிறுவனர் பெயருடன் சேர்த்து நினைவுகூரப்பட்டு வருகிறது. ஓர் அநாதைக்கு இடப்பட்ட உணவு, அறுபது ஆண்டுகள் கழித்து, அவர் முகம் அறியாத பிள்ளைகளுக்குத் திரும்பி வந்தது.

5. கேளாமல் விடத்தகாத வினாக்கள்

இதுவரை கூறியவை கொடைப்பலகையில் எழுதத்தக்கவை. வரலாறு அங்கே நிற்கலாகாது.

முதலாவது, தொடக்க மூலதனம். சேட்டருக்கு உதவிய சசூன் குடும்பத்தார், சீனத்துடன் நடந்த அபினி வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள். ஹாங்காங் அரசே அபினி விற்கும் உரிமையை ஏலம் விட்டுத் தன் கருவூலத்தை நிரப்பிக்கொண்டது. சேட்டர் அபினி விற்றார் என்று கூற நமக்குச் சான்று இல்லை, கூறவும் கூடாது. ஆனால் அவர் மனைகளின் விலை உயரக் காரணமான அத்துறைமுகத்தின் செழிப்பில் அந்த நஞ்சுக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்கவும் கூடாது.

இரண்டாவது, ஏழைகளின் குடியிருப்பு. 1882இல் அங்கு வந்து ஆராய்ந்த பொறியாளர் ஆஸ்பர்ட் சாட்விக், சீனத் தொழிலாளர் வாழ்ந்த வீடுகளின் நெருக்கடியையும், காற்றும் வெளிச்சமும் கழிவுநீர் வழியும் இன்மையையும் அறிக்கையாக எழுதினார். 1887இல் அதற்கெனச் சட்டம் கொண்டுவந்தபோது, சீனரும் ஐரோப்பியருமான வீட்டுரிமையாளர் எதிர்த்தமையால் அதன் முதன்மையான விதிகள் தளர்த்தப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் காற்றுக்கென விடப்படும் இடம் வாடகை இழப்பாகவே அவர்களுக்குத் தோன்றியது. 1894இல் கொள்ளைநோய் தாக்கியது. தைப்பிங்ஷான் என்னும் நெருக்கமான பகுதியில் நோய் மிகுந்து, அவ்வாண்டில் நகரில் 2,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதி முழுவதையும் அரசு கையகப்படுத்தி இடித்தது. நிலம் அருகிய நகரில் நில விலை உயர்வது உடையவனுக்கு ஆதாயம். இல்லாதவனுக்கு அதுவே ஒரே அறையிற் பல குடும்பம். இவ்விரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாகும். வீட்டோடு வீட்டைச் சேர்த்து, பிறருக்கு இடமில்லாமற் செய்வோருக்கு ஏசாயா தீர்க்கதரிசி கூறிய எச்சரிப்பு (ஏசா. 5:8) இத்தகைய நகரங்களையே கண்முன் வைக்கிறது.

மூன்றாவது, இனப்பிரிவினை. சேட்டர் நிர்வாக சபையில் அமர்ந்திருந்த 1904இல், 'பீக்' என்னும் குளிர்ந்த மலைப்பகுதியிற் சீனர் குடியிருக்கலாகாது எனச் சட்டம் பிறந்தது. அது 1946இலேயே நீக்கப்பட்டது. தாமே ஆசியாவிற் பிறந்த சிறுபான்மையினராயிருந்தும், அச்சட்டத்தை இயற்றிய ஆட்சியின் உயர்ந்த இருக்கையில் அவர் இருந்தார்.

நான்காவது, அவருடைய வாழ்க்கை முறை. இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து சலவைக்கற்களை வரவழைத்து, 'மார்பிள் ஹால்' என்னும் மாளிகையை எழுப்பினார். அரிய பீங்கான் பொருள்களையும் ஓவியங்களையும் திரட்டினார். 1892 முதல் இறக்கும்வரை குதிரைப்பந்தயச் சங்கத்தின் தலைவராக இருந்தார். சூதாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யும் நம் சபைகளுக்கு இது இடறலாகவே தோன்றும். ஆலயம் கட்டிய கையும், பந்தயத்தை நடத்திய கையும் ஒன்றே.

6. உயிலும் முடிவும்

1910இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த மரியா கிறிஸ்டீன் பியர்சன் என்பவரைச் சேட்டர் மணந்தார். 1926ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், தம் 79ஆம் வயதில் இறந்தார். இறந்த 12 மணி நேரத்துக்குள் தம்மை அடக்கம் செய்துவிடவேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தபடியே, ஆடம்பரத்திற்கு இடமின்றி அடக்கம் நடந்தது. அவர் துயிலும் கல்லறைத் தோட்டம், அவர் தலைமை வகித்த பந்தயத் திடலுக்கு எதிரிலேயே உள்ளது.

மனைவியின் ஆயுட்கால வாழ்வுக்கு வழிசெய்தபின், மாளிகையையும் கலைப்பொருள்களையும் ஹாங்காங் அரசுக்கு எழுதிவைத்தார். எஞ்சிய சொத்தைக் கல்கத்தாவின் தூய நாசரேத்து ஆர்மீனிய ஆலயத்திற்கு விட்டுச்சென்றார். அதனால் ஆதரவற்ற ஆர்மீனிய முதியோருக்கு அமைந்த இல்லம் அவர் பெயரைத் தாங்கியது.

இவற்றுள் எது நிலைத்தது என்று நோக்குதல் தகும். அம்மையார் 1935இல் இறந்தபின் அரசு வசமான சலவைக்கல் மாளிகை 1946இல் தீக்கிரையாயிற்று, 1953இல் இடிக்கப்பட்டது. அவர் திரட்டிய 400க்கு மேற்பட்ட ஓவியங்களில், 1941 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக்குப்பின் எஞ்சியவை 94 மட்டுமே. பூச்சியும் துருவும் திருடரும் பற்றி ஆண்டவர் உரைத்தது (மத். 6:19) அங்கே எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது எனலாம். ஆனால் ஆலயம் நிற்கிறது, பள்ளி நிற்கிறது, வேண்டுதலும் தொடர்கிறது. தமக்கென வைத்துக்கொண்டவை அழிந்தன, கொடுத்துவிட்டவை நின்றன.

இதனை எளிய நீதிக்கதையாக்கிவிடவும் கூடாது. அவர் நிறுவிய நில நிறுவனமும் இன்றுவரை நிற்கிறது அல்லவா? செல்வம் எப்பொழுதும் அழிவதில்லை. அது எவர் கையில், எதற்காக நிற்கிறது என்பதே கேள்வி.

7. நமக்குரிய படிப்பினைகள்

முதற் படிப்பினை நிலத்தைப் பற்றியது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், நிலம் தமக்கே உரியது என்றும், இஸ்ரவேலர் தம்மிடத்திற் பரதேசிகளாகத் தங்கியிருப்பவர் என்றும் கடவுள் அறிவிக்கிறார். யூபிலி ஆண்டின் சட்டங்கள் யாவும் இதன்மேலேயே கட்டப்பட்டுள்ளன: விற்கப்படுவது நிலமன்று, அடுத்த யூபிலி வரையுள்ள விளைச்சல்களே (லேவி. 25:15-16). ஹாங்காங்கின் குத்தகை முறை வேதாகமத்தினின்று பிறந்ததன்று. முடியரசின் வருவாய்க்காகப் பிறந்தது. ஆயினும் அம்முறை ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. 999 ஆண்டுக் குத்தகையும் முடிவுள்ள குத்தகையே. அங்கே முற்றுரிமை பெற்ற பேராலயமும் ஆலயமாயிருக்கும்வரைதான் அந்நிலத்திற்கு உரியது. வழிபாட்டிற்கென்று கொடுக்கப்பட்ட நிலத்தை வேறொன்றாக்கும் சபை எவ்வுரிமையால் அதனை வைத்துக்கொள்ளும் என்று அந்நிபந்தனை நம்மையும் கேட்கிறது.

இரண்டாவது, கொடையாளரைப் பற்றியது. சீப்புருதீவானாகிய பர்னபா தன் நிலத்தை விற்றுக் கிரயத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தான் (அப். 4:36-37). சகேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுத்ததோடு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தான் (லூக். 19:8). சேட்டர் இவ்விருவரையும் போன்றவரல்லர். அவர் நிலத்தை வைத்துக்கொண்டு அதன் பயனிலிருந்து ஈந்தவர். ஈட்டிய முறையைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1 தீமோத்தேயு 6:17-19இல் ஐசுவரியவான்களுக்குக் கூறப்படும் கட்டளையில் உதாரகுணத்தை அவர் கைக்கொண்டார் என்று தயங்காமற் சொல்லலாம். நீதியின் பங்கையோ அவர் காலத்துத் திருச்சபை அவரிடம் கேட்கவில்லை. கொடையைப் பெறும் ஆயர், கொடுப்பவரின் ஆத்துமாவுக்கும் மேய்ப்பரே. காணிக்கையை வாங்கிக்கொண்டு வாய்மூடிக் கொள்வது அவருக்குச் செய்யும் நன்றியன்று.

மூன்றாவது, நினைவுகூருதலைப் பற்றியது. ஒருவர் பெயரை வேண்டுதலிற் சேர்ப்பது அவரைக் குற்றமற்றவரெனத் தீர்ப்பதாகாது. அவர் வழியாக நமக்கு வந்ததற்காகக் கடவுளைத் துதிப்பதே அது. 'இறைவன் கொடுத்தது' என்னும் அவருடைய பழைய குடும்பப்பெயரின் பொருளை மனத்திற்கொண்டு துதித்தால், நம் நன்றி கொடையாளரோடு நின்றுவிடாது.

நான்காவது, நம்மைப் பற்றியது; இதுவே மிக முக்கியம். இன்று தமிழ்நாட்டுத் திருச்சபைகளே பெரிய நில உடைமையாளர். இந்நிலங்கள் நமக்கு எவ்வாறு வந்தன? நெல்லைச் சீமையில், துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்கள் தங்குவதற்கென்றே 1799இல் நிலம் வாங்கி முதலூர் உண்டாக்கப்பட்டது. 1830இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் தோன்றிய தரும சங்கம், அடித்து விரட்டப்பட்டோர்க்கு மனையும் வயலும் வாங்கித் தருவதற்காக ஏழை விசுவாசிகளின் சிறு காணிக்கைகளைத் திரட்டியது. அங்கே நிலம் அடைக்கலமாக இருந்தது. அந்நிலங்களின் விலை பன்மடங்கு உயர்ந்துள்ள இக்காலத்தில், அவற்றை வணிக வளாகங்களாக்குவது பற்றியும், குத்தகைக்கு விடுவது பற்றியும், விற்பது பற்றியும் நம் திருமண்டலங்களிலும் பேராயங்களிலும் ஓயாத வழக்குகள் நடக்கின்றன. சொத்துக் குழுவில் இடம்பெறுவதற்கு உள்ள போட்டி, ஞாயிறுப் பள்ளிக்கு ஆசிரியர் தேடும்போது காணப்படுவதில்லை.

சேட்டர் உலகவணிகர். இலாபத்திற்காக நிலம் வாங்கியதை அவர் மறைத்ததில்லை. ஈற்றில் பெரும்பகுதியைப் பிறருக்கு விட்டுச்சென்றார். நாமோ பிறர் நற்காரியத்திற்கென்று விட்டுச்சென்றதைக் கையில் வைத்திருக்கும் உக்கிராணக்காரர். அவரிடம் கேட்ட வினாக்களை நம்மிடம் கேட்கும்போது அவை இன்னும் கூர்மையாகின்றன. நம் வாடகைக் கடைகளால் எந்த ஏழைப் பிள்ளை படிக்கிறது? நம் வளாகத்தின் ஓரத்திற் குடியிருந்தோரை வெளியேற்றியபின் அவர்கள் எங்கே சென்றனர்? கொடுத்தவர் எழுதிய நோக்கத்தை அறிய, பழைய கொடைப்பத்திரத்தை நம்மில் எத்தனைபேர் எடுத்து வாசித்திருக்கிறோம்?

இறையியற் கல்லூரியைவிட்டுச் சபைகளுக்குச் செல்லும் மாணவர், பிரசங்கம் ஆயத்தம் செய்யக் கற்றதுபோலவே, தம் சபையின் நிலப்பத்திரங்களையும் கணக்கேடுகளையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். உக்கிராணக் கணக்கை ஒப்புவிக்கும் நாள் (லூக். 16:2) சேட்டருக்கு வந்ததுபோல் நமக்கும் வரும். அந்நாளில், நிலம் எவ்வளவு வைத்திருந்தோம் என்பதன்று, அதில் எவருக்கு இடங்கொடுத்தோம் என்பதே கேட்கப்படும்.